பிளாரன்ஸ் நலமாக இருக்கிறாள்

வன்னியம்பட்டி போர்டிங் ஸ்கூலில் முப்பத்திரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். முப்பத்திரண்டு பேருக்கும் கடல் தாண்டி ஆளுக்கொரு உபகாரி உண்டு. எந்தக் குளிரிலோ உட்கார்ந்துகொண்டு, இன்ன பிள்ளையின் சோற்றுக்கும் துணிக்கும் நான் பொறுப்பு என்று ஒத்துக்கொண்ட புண்ணியவான்கள். அப்படி ஒத்துக்கொண்டவர்களுக்குப் பிள்ளையின் பெயரை மாற்றும் உரிமையும் சேர்ந்தே வந்தது. பெற்றவள் பத்து மாதம் யோசித்து வைத்த பெயரை, பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காத ஒருத்தி ஒரு வரி எழுதி அழித்துவிடலாம். சோழபுரத்து அருள்செல்வி ஒன்பது வயதில் பிளாரன்ஸ் ஆனது அப்படித்தான். கூடப் படித்த பிள்ளைகளுக்கு அது வாயில் நுழையவில்லை. பிளாரம் என்று கூப்பிட்டார்கள். அவளும் அந்தப் பெயருக்கே குரல் கொடுத்தாள்.

உபகாரிகளுக்கு ஈஸ்டருக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு கடிதம் போகவேண்டும். பிள்ளை எப்படி இருக்கிறது, என்ன படிக்கிறது, ஜெபம் பண்ணுகிறதா என்றெல்லாம் அதில் இருக்கவேண்டும். இதைத் தமிழில் எழுதிக் கொடுப்பது மேட்ரன் ஏசம்மாளின் வேலை. அதை இங்கிலீஷில் ஆக்கி அனுப்புவது ஹெட்மாஸ்டர் கிறிஸ்துராஜின் வேலை. மிஷன் பாதிரியாரான பெரிய ஐயர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மோட்டாரில் வந்து, கேட்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போவார்.

ஏசம்மாளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு இந்தப் போர்டிங்குக்கு வந்தவள். அன்றிலிருந்து அடுப்பும் பிள்ளைகளும்தான் உலகம். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு என்றாலும் எழுத்து அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. உபகாரிக் கடிதம் எழுத உட்கார்ந்தால் சோறு தண்ணீர் வேண்டாம். ஒரு நோட்டில் முதலில் எழுதிப் பார்த்து, அடித்து, திருத்தி, பிறகு நல்ல தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

இத்தனை அக்கறைக்கும் காரணம் முத்தாத்தாள் என்ற பிள்ளை. ஒரு வருஷம் முத்தாத்தாளுடைய உபகாரி ஏனென்று சொல்லாமலே நின்றுவிட்டாள். ஒரு வாரத்தில் அந்தப் பிள்ளையைத் துணிமூட்டையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏசம்மாள் தன் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். முத்தாத்தாளைப் பற்றி அவள் எழுதியிருந்தது இரண்டே வரி. படிக்கிறாள், சாப்பிடுகிறாள். இதைப் படித்து யாருக்கு இரக்கம் வரும் என்று தன்னையே நொந்துகொண்டாள். அன்றைக்கு அவள் ஒரு பாடம் கற்றாள். கண்ணீர் வரும்படி எழுதவேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை தெருவில் நிற்கும்.

மற்ற பிள்ளைகள் தெருவில் நின்றாலாவது ஓர் அம்மா வந்து கூட்டிப்போவாள். அருள்செல்விக்கு அதுவும் இல்லை. அவள் ஏசம்மாளின் தங்கை இருதயத்தின் மகள். இருதயம் ராஜபாளையத்தில் ஒரு ஜின்னிங் பாக்டரியில் பருத்தி பொறுக்கினாள். கதவடைத்த பஞ்சு அறையில் உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் சருகும் தூசியும் பொறுக்குகிற வேலை. ஆறு வருஷம் பொறுக்கினாள், ஏழாம் வருஷம் இருமி இருமியே செத்தாள். அவள் புருஷன் ஐயாதுரை அதே பாக்டரியில் மூட்டை தூக்குகிறவன். பொண்டாட்டி போன இடத்துக்கு மகளை அனுப்ப அவன் அன்றைக்கே தயார். ஏசம்மாள்தான் பிணத்தின் பக்கத்தில் நின்று, "ஏட்டி இருதயம், ஒம் பிள்ள அந்த ரூமுக்குள்ள காலு வைக்க மாட்டா, இது சத்தியம்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஐயாதுரை வருஷத்துக்கு ஒருமுறை வந்து, "மதினி, பிள்ளய எப்ப விடுதீக?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

அதனால் பிளாரன்ஸைப் பற்றி எழுதும்போது மட்டும் ஏசம்மாளின் பேனா கொஞ்சம் கூடுதலாகவே ஓடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம் கிறிஸ்துமஸ் கடிதத்துக்கு எழுத ஒன்றும் இல்லை. பிள்ளை நன்றாக இருந்தது. காய்ச்சல்கூட வரவில்லை. ஏசம்மாள் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கொதிக்கிற கஞ்சிப் பானை பிளாரன்ஸின் வலது கையில் கவிழ்ந்துவிட்டது என்றும், பிள்ளை அழாமல் சிரித்துக்கொண்டே 'இயேசுவுக்கு ஸ்தோத்திரம்' என்று சொன்னாள் என்றும் எழுதினாள். முதலில் இடது கை என்றுதான் எழுதியிருந்தாள். இடது கைக்கு யார் இரங்குவார்கள் என்று அடித்துவிட்டு வலது கை என்று போட்டாள்.

அடுத்த பங்குனியில் பிளாரன்ஸுக்கு ஒரு பார்சல் வந்தது. நீலப் பூப்போட்ட கவுனும் கண்ணைத் திறந்து மூடும் ஒரு பொம்மையும். ஏசம்மாளுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஹெட்மாஸ்டர் அறைக்கு ஓடினாள்.

"சார், கையப் பத்தி ஏதும் எழுதியிருக்காகளா?"

கிறிஸ்துராஜ் நல்ல மனிதர் என்று ஊரில் பெயர். யார் எது கேட்டாலும் இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது. கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"எழுதாம இருப்பாகளா? கைக்காக ராத்திரியும் பகலும் ஜெபம் பண்ணுதாகளாம்" என்றார்.

போதாதா? சொன்ன பொய்யை ஏசம்மாள் அதோடு விட்டிருந்தால் அதுவும் ஆறிப்போயிருக்கும். அவள் விடவில்லை. புண் ஆறிவருகிறது என்று ஒரு கடிதம். தழும்பு நிற்கிறது என்று ஒரு கடிதம். அந்தத் தழும்புக் கையைக் கூப்பித்தான் உங்களுக்காக ஜெபிக்கிறாள் என்று ஒரு கடிதம். இப்படிப் போய்க்கொண்டே இருந்தது. அருள்செல்வியோ தழும்பில்லாத வலது கையால் கோலம் போட்டாள், துணி தைத்தாள், போர்டிங்கிலேயே அழகான கையெழுத்து எழுதினாள்.

முப்பத்தாறாம் வருஷம் ஈஸ்டர் முடிந்து பத்தாம் நாள் கிறிஸ்துராஜ் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஒம் பிளாரன்ஸுக்கு யோகம் அடிச்சிருக்கு ஏசம்மா. உபகாரியம்மா எடித் மிஸ்ஸியே இங்க வாராக. சம்பளம் இல்லாம ஒரு வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கப் போறாகளாம். டிசம்பர்ல கப்பல் வந்து சேருதாம். இந்த ஸ்கூல்ல இருந்து ஒரு பிள்ளைய மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்சு படிக்க அனுப்புதாகளாம். பிளாரன்ஸ மனசுல வச்சுத்தான் எழுதியிருக்காக."

ஏசம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். நர்சு வேலை என்றால் வெள்ளைச் சேலை, மாசச் சம்பளம், ஐயாதுரை வந்து கேட்க முடியாத இடம். எந்தச் சத்தியத்துக்காக இத்தனை வருஷம் பேனா பிடித்தாளோ அது வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அடுத்த நொடியே கை ஞாபகம் வந்தது.

"சார், கையப் பத்தி?"

கிறிஸ்துராஜ் தலையைத் தூக்கவில்லை. "அத விடுவாகளா? வந்ததும் அந்தக் கையத்தான் மொதல்ல பாக்கணுமாம்" என்றார். சொல்லிவிட்டு மூக்குப்பொடி டப்பாவைத் தேடினார்.

ஏசம்மாள் நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறையில் போய் உட்கார்ந்தாள். முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தாள். தழும்பு மறைந்துவிட்டது என்று சொல்ல எங்கேயும் இடம் வைக்கவில்லை. போன வருஷம்தான், 'அந்தத் தழும்பைப் பார்க்கிறபோதெல்லாம் எங்களுக்குச் சிலுவை ஞாபகம் வருகிறது' என்று எழுதியிருந்தாள். எழுதும்போது அவளுக்கே அழுகை வந்த வரி அது. வருகிறவள் வெறும் கையைப் பார்ப்பாள். ஆறு வருஷ ஜெபத்தை ஏமாற்றி வாங்கிய பிள்ளை என்பாள். நர்சு படிப்பு போகும், போர்டிங் போகும், பிள்ளை பஞ்சு அறைக்குப் போகும். டிசம்பருக்கு எட்டு மாதம் இருக்கிறது என்று ஏசம்மாள் விரல்விட்டு எண்ணினாள். வெந்த புண் ஆறித் தழும்பாக எட்டு மாதம் தாராளம்.

இந்த இடத்தில் வேறு ஒருத்தியாக இருந்தால் ஹெட்மாஸ்டர் காலில் விழுந்து உண்மையைச் சொல்லியிருப்பாள். ஏசம்மாளுக்கு அது தோன்றவே இல்லை. அவரை ஏமாற்றித்தான் இத்தனை கடிதமும் எழுத வைத்தோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மே மாதம் லீவு விட்டதும் பிள்ளைகள் எல்லோரும் ஊருக்குப் போனார்கள். அருள்செல்விக்குப் போக ஊர் இல்லை. ஒரு மத்தியானம் ஏசம்மாள் அவளைச் சமையலறையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒளிக்கவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அம்மாவின் இருமல் ஞாபகம் இருந்தது.

"எம்புட்டுப் பெருசுக்கு பெரியம்மா?"

"புறங்கையில ஒரு வெத்தல அகலம். அம்புட்டுத்தான் தாயி."

"எம்புட்டு நேரம் வலிக்கும்?"

"செத்த நேரம். பொறவு ஆறிப்போகும்."

"எடது கையில வச்சுக்கிடலாமா? எழுதுத கையில்லா?"

"வலதுன்னு எழுதிட்டேனே ஏட்டி" என்று ஏசம்மாள் அழுதாள். அழுதுகொண்டே, புண்ணுக்குப் போடச் சுண்ணாம்புத் தெளிவும் தேங்காயெண்ணெயும் கலந்து கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். கதவைச் சாத்தினாள். ஒரு துணியைச் சுருட்டிப் பிள்ளையின் வாயில் கொடுத்தாள்.

அருள்செல்வி தானாகவேதான் கையை நீட்டினாள். அகப்பை நிறையக் கொதிக்கும் கஞ்சியை மொண்டு ஏசம்மாள் மெல்லச் சரித்தாள். ஒரு வெற்றிலை அகலத்தோடு நிறுத்த நினைத்தாள். கை நினைப்பைக் கேட்குமா? சூடு பட்டதும் பிள்ளை துள்ளிய துள்ளலில் முழங்கை பானையில் இடித்து, அடுப்பிலிருந்த பானை சரிந்து, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் கஞ்சி ஊற்றிவிட்டது. நோட்டில் எழுதியிருந்தபடியே கடைசியில் பானை கவிழ்ந்தது.

புண் சித்திரை வெயிலில் சீழ் பிடித்தது. ஏசம்மாள் பதினைந்து நாள் எண்ணெய் போட்டுப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்போது பட்டது என்று சீட்டில் எழுதுவார்களே என்ற பயம். பிள்ளைக்கு ஜன்னி கண்ட பிறகுதான் வண்டி கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடினாள். கம்பவுண்டர் சமுத்திரம் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவளைத் திட்டிய திட்டைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தான். கையைக் காப்பாற்ற முடியவில்லை. ஆறியபோது நாலு விரலும் உள்பக்கமாக மடங்கி, தோல் இழுத்து, உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டன. பெருவிரல் மட்டும் தனியே நின்றது.

லீவு முடிந்து கிறிஸ்துராஜ் வந்தார். அருள்செல்வியின் கையைப் பார்த்தார்.

"என்னது இது ஏசம்மா?"

"கஞ்சி கொட்டிருச்சு சார்" என்றாள் ஏசம்மாள், அவர் கண்ணைப் பார்த்து. "ஆறு வருஷத்துக்கு முந்தி. ஒங்களுக்குத்தான் தெரியுமே."

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நாம் செய்ததைப் புரிந்துகொண்டு, காட்டிக்கொடுக்காமல் மென்று விழுங்குகிறாரே, எப்பேர்ப்பட்ட மனிதர் என்று ஏசம்மாள் அவருக்காக அன்றைக்கு ஜெபம் பண்ணினாள். திரும்பி வந்த பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "பிளாரம் கை ஆறு வருஷத்துக்கு முந்தி வெந்தது. மாத்திச் சொல்லுத நாக்க இழுத்து வச்சு அறுத்துருவேன்" என்று சொன்னாள். மேட்ரன் சொன்னால் சொன்னதுதான்.

அதற்கப்புறம் அருள்செல்விக்குப் பாடம் நடந்தது. மிஸ்ஸியம்மா வந்ததும் கையை மறைக்காமல் முன்னால் நீட்டவேண்டும். என்ன ஆயிற்று என்று கேட்டால் பானை கதையைச் சொல்லவேண்டும். வலிக்கிறதா என்று கேட்டால் சிரிக்கவேண்டும், சிரித்துக்கொண்டே ஸ்தோத்திரம் சொல்லவேண்டும். சிரிப்பு முதலில் சரியாக வரவில்லை. உதடு ஒரு பக்கம் கோணியது. ஏசம்மாள் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாள். கார்த்திகை பிறப்பதற்குள் நல்ல சிரிப்பாக வந்துவிட்டது.

டிசம்பர் முதல் வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் எடித் மிஸ்ஸி ரயிலைவிட்டு இறங்கினாள். இருபத்தெட்டு, முப்பது வயதுதான் இருக்கும். வெயிலில் மூக்கு உரிந்து சிவந்திருந்தது. ஊரிலேயே யாரோ வயசான மிஷனரியிடம் ஒரு வருஷம் தமிழ் படித்திருந்தாள். பிள்ளைகள் ஓலைத்தோரணத்தோடு பாடி முடிக்கும் முன்பே, "எங்கே என் பிளாரன்ஸ்?" என்று பைபிள் தமிழில் கேட்டாள்.

அருள்செல்வி முன்னால் போய் வலது கையை நீட்டினாள்.

மிஸ்ஸி அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனாள். "இது என்ன? இது எப்பொழுது சம்பவித்தது?"

அருள்செல்வி ஒப்பித்தாள். ஒரு சொல் தவறவில்லை. "உனக்கு நோகிறதா?" என்று மிஸ்ஸி கேட்டதும் சிரித்து, ஸ்தோத்திரம் என்றாள். மிஸ்ஸி பிளாட்பாரத்திலேயே முழங்காலில் விழுந்து அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். ஏசம்மாளும் அழுதாள். பட்ட பாடெல்லாம் பலித்துவிட்டது என்று அவள் நினைத்தாள். கிறிஸ்துராஜ் மட்டும் பெட்டிகளை எண்ணுவதில் மும்முரமாக இருந்தார்.

ஒரு மாதம் மிஸ்ஸி பாடம் நடத்தினாள். பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள், பூத்தையல் சொல்லிக்கொடுத்தாள், பல் விளக்கச் சொல்லிக்கொடுத்தாள். "நீங்கள் எல்லாரும் வாருங்கள், நாம் களிகூருவோம்" என்று அவள் கூப்பிட்டால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடும். நல்ல பெண், அதில் சந்தேகமில்லை. சம்பளம் வாங்காமல், இந்த வெயிலில், கொசுக்கடியில், யார் பெற்ற பிள்ளைக்கோ பேன் பார்த்தாள். அருள்செல்வியைத் தையல் வகுப்பில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தாள். ஊசியை அவள் இடது கையால் கோர்க்கத் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு நோட்டில் ஏதோ குறித்துக்கொள்வாள்.

ஜனவரியில் ஒரு காலையில் மிஸ்ஸி ஏசம்மாளையும் கிறிஸ்துராஜையும் ஹெட்மாஸ்டர் அறைக்குக் கூப்பிட்டாள். மேஜையில் நாடா கட்டிய ஒரு கடிதக் கட்டு இருந்தது.

"இவை பிளாரன்ஸைக் குறித்து எனக்கு வந்த நிருபங்கள். பதிமூன்று" என்றாள். "நான் வாசிக்கிறேன், தமிழில் சொல்கிறேன்."

முதல் கடிதத்தைப் பிரித்தாள். "பிளாரன்ஸ் நலமாக இருக்கிறாள். பாடங்களைக் கற்கிறாள். உங்களுக்கு வந்தனம் சொல்கிறாள். எங்களுக்காக ஜெபியுங்கள்."

இரண்டாவது கடிதம். "பிளாரன்ஸ் நலமாக இருக்கிறாள். பாடங்களைக் கற்கிறாள். உங்களுக்கு வந்தனம் சொல்கிறாள்."

மூன்றாவது. நாலாவது. ஏசம்மாளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தப்பான கட்டை எடுத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தாள். எட்டாவது கடிதத்துக்கு வந்தபோது அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. பானை எங்கே? சிரிப்பு எங்கே? சிலுவை எங்கே? பதிமூன்றிலும் அதே நாலு வரிதான். அதே அளவு, அதே கையெழுத்து.

மிஸ்ஸி கடைசிக் கடிதத்தை மடித்து வைத்தாள். "ஆறு வருஷமாக இந்தப் பிள்ளை வெந்த கையோடு இருந்திருக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. எழுதியிருந்தால் வைத்தியம் செய்ய உதவி அனுப்பியிருப்பேன். ஏன் என்னிடம் மறைத்தீர்கள்?"

ஏசம்மாள் கிறிஸ்துராஜைப் பார்த்தாள். இப்போது சொல்லுவார் என்று பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். நடுநடுவே ஏசம்மா, ஏசம்மா என்று அவள் பெயர் வந்தது. கடைசியில் தமிழில் சொன்னார். "பிள்ளைகளப் பத்தி எழுதிக் குடுக்குறது மேட்ரன். எனக்குக் குடுத்ததத்தான் நான் எழுதினேன்."

மிஸ்ஸி ஏசம்மாள் பக்கம் திரும்பினாள். "நீயா மறைத்தாய்?"

நோட்டு சமையலறை அலமாரியில் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து காட்ட ஒரு நிமிஷம் போதும். காட்டினால் என்ன ஆகும்? லீவுக்கு முன்னால் நன்றாக இருந்த கையில் எப்போது பட்டது என்று ஹெட்மாஸ்டர் கேட்பார். கம்பவுண்டரைக் கூப்பிடுவார்கள். மே மாதம் என்று அவன் சொல்லுவான். பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி யார் ஊற்றியது என்று கேட்பார்கள். கேட்டால் அவள் சிரிப்பாள். கிறிஸ்துராஜ் இதையெல்லாம் முன்னாலேயே யோசித்து வைத்திருந்தார் என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"ஆமா மிஸ்ஸியம்மா. நாந்தான் மறைச்சேன்" என்றாள் ஏசம்மாள்.

மிஸ்ஸி கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் ஜெபித்தாள். பிறகு மிகவும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பேசினாள். "நான் உன்னை மன்னிக்கிறேன். ஆனால் காயப்பட்ட பிள்ளையை மறைத்து வைத்தவளின் கையில் அந்தப் பிள்ளையை இனி விடமாட்டேன். பிளாரன்ஸ் எட்டாவது முடித்துவிட்டாள். அவளுக்குத் தகப்பன் இருக்கிறார். அவள் தன் வீட்டுக்குப் போகவேண்டும். தகப்பனுக்கு எழுதச் சொல்லிவிட்டேன்."

"மிஸ்ஸியம்மா, நர்சு படிப்பு..."

"நர்சுக்கு இரண்டு கை வேண்டும்" என்றாள் மிஸ்ஸி. அவள் கண் கலங்கியிருந்தது. "பிளாரன்ஸுக்காகத்தான் அந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன். இப்பொழுது பாலம்மாளின் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன்."

மிஸ்ஸி ஏசம்மாளின் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினாள். ஏசம்மாள் ஆமென் சொன்னாள்.

மிஸ்ஸி போனதும் அவள் மேஜைக்கு எதிரிலேயே நின்றாள்.

"நான் குடுத்ததையெல்லாம் என்ன பண்ணுனீக சார்?"

"முப்பத்திரண்டு கடிதம் ஏசம்மா. வருஷத்துக்கு ரெண்டு வாட்டி" என்றார் கிறிஸ்துராஜ். "நீ ஒவ்வொண்ணும் மூணு பக்கம் எழுதிட்டு வார. மனுஷன் எம்புட்டுத்தான் இங்கிலீஷ்ல ஆக்குவான்? ஒண்ணு எழுதி வச்சுக்கிட்டுப் பேர மாத்தி மாத்தி அனுப்பினேன். எந்த உபகாரியும் கொற சொல்லலியே."

"முத்தாத்தா?"

"அந்தம்மா செத்துப்போனாக. அதுக்கும் கடிதத்துக்கும் என்ன?"

"கையத்தான் மொதல்ல பாக்கணும்னு எழுதியிருக்காகன்னு சொன்னீகளே சார்."

"நீ கேட்ட. இல்லன்னா ஒம் மனசு கஷ்டப்படுமேன்னு சொன்னேன்" என்றார். "நீ இப்படிச் செய்வேன்னு நான் கண்டேனா?"

ஏசம்மாள் அவரை அடிக்கவில்லை, சபிக்கவில்லை. சமையலறைக்குப் போய் நோட்டை எடுத்து அடுப்பில் வைத்தாள். மத்தியானச் சோறு அதில் வெந்தது.

சனிக்கிழமை ஐயாதுரை வந்தான். மிஸ்ஸி அவனுக்குக் கை கொடுத்து, பிள்ளையை அன்பாய் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டாள். அவன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான். அவள் உள்ளே போனதும் மகளின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்ன மதினி, படிக்க வைக்கேன்னு கூட்டியாந்து நொண்டியாக்கி அனுப்புதீக?"

ஏசம்மாள் குனிந்து பிள்ளையின் துணிமூட்டையை இறுக்கிக் கட்டினாள்.

"சரி போகுது. பருத்தி பெறக்க ஒரு கை போதும். அரைக் கூலி தருவானுக" என்றான். ராஜபாளையத்துக்குப் பருத்தி மூட்டை ஏற்றிப்போகிற வண்டியில் இடம் சொல்லி வைத்திருந்தான். அருள்செல்வி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தாள். நீலப் பூப்போட்ட பழைய கவுனில் சுற்றிய துணிமூட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் வாசலில் நின்று மிஸ்ஸி சொல்லிக்கொடுத்த வழியனுப்புப் பாட்டைப் பாடின. பாலம்மாள் மட்டும் பாடவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வண்டி நகர்ந்தது. ஏசம்மாள் கூடவே நடந்தாள், பிறகு ஓடினாள். வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த மடங்கிய கையைத் தொட்டாள். கேட்க எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"வலிக்குதாட்டி, தாயி?"

அருள்செல்வி அவளைப் பார்த்துச் சிரித்தாள். உதடு கோணாத நல்ல சிரிப்பு.

"ஸ்தோத்திரம் பெரியம்மா" என்றாள்.